கவரில் மட்டும் எழுதவும்

உசிலம்பட்டி,
1934, தை மாதம் 9-ந் தேதி.

அண்ணன் அவர்களுக்குத் தம்பி மலைச்சாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே ஆத்தாவும் மாயக்காளும் நானும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. அங்கே அண்ணியும் பிள்ளைகளும் நீங்களும் சுகம் என்று ஒரு வரி எழுதினால், ஆத்தா அதை நாலு நாளைக்கு முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள்.

மதுரை பஸ் டிரைவர் பிச்சுமணி அண்ணன் நேற்றுச் சந்தையில் ஒரு சேதி சொன்னார். உங்கள் மோட்டார் கம்பெனியில் காரைக் கழுவித் துடைத்துப் பளபளப்பு ஏற்றுவதற்கு ஒரு ஆள் தேடுகிறார்களாம். "மாட்டுக்கு நீ செய்யிற வேலையத்தானடா காருக்குச் செய்யச் சொல்றாக. போய்க் கேளு மாப்ள" என்றார். எனக்கு மோட்டார் வேலை தெரியாது. அவர் பஸ்ஸை நாலைந்து தடவை கழுவிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அண்ணே, சந்தைக்கு வருகிற காளையை நான் தேய்த்துக் கொம்புக்கு எண்ணெய் போட்டு நிறுத்தினால், வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்க்க மறந்துபோவான். அந்தக் கை காருக்கு வராதா?

ஏன் இப்படி அலைகிறேன் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. குற்றப் பரம்பரை என்று சர்க்கார் போட்ட சட்டத்தால், நம் ஊரில் மீசை முளைத்தவன் அத்தனை பேரும் ஸ்டேஷனில் பெருவிரல் ரேகை வைத்தவன். களவாண்டவனும் களவே தெரியாதவனும் பொழுது சாய்ந்தால் ஸ்டேஷன் வாசலில் போய்ப் படுத்து எழுந்திருக்க வேண்டும். மாயக்காளுக்கு இது ஆறாம் மாசம். வலி எடுத்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன். கம்பெனி வேலை கிடைத்து, இவன் யோக்கியன் என்று மேனேஜர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால், ஏட்டிலிருந்து என் பேரை அடித்துவிடுவார்களாம். அந்தக் காகிதத்துக்காகத்தான் எனக்கு இந்த வேலை.

பதினாறு வருஷத்துக்கு முந்தி, விஷக் காய்ச்சலில் ஐயா செத்தபோது, ஆத்தா உங்களைப் பசுமலைப் பாதிரியார் கையில் பிடித்துக் கொடுத்தாள். அதனால் உங்கள் பெருவிரல் தப்பித்தது. என் பெருவிரலை நீங்கள்தான் தப்பிக்க வைக்க வேண்டும்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரர் வழியைப் பார்த்திருக்கும் தம்பி,
மலைச்சாமி.


மதுரை,
28-2-34.

தம்பி மலைச்சாமிக்கு சத்தியசீலன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே குறைவில்லை. சின்னவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து இறங்கிவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிவா.

முதலில் ஒன்று. கவரின் மேல் பேயாண்டி என்று எழுதியிருக்கிறாய். ஞானஸ்நானத்தோடு அந்தப் பெயர் போய்விட்டது. இனி சத்தியசீலன் என்று மட்டும் எழுது. வீட்டு விலாசம் உனக்கு வேண்டாம், கம்பெனிக்கே எழுது. கண்டிப்பாகக் கவரில் மட்டும் எழுது. கார்டு போட்டால் வாசல் காவல்காரன் முதல் கணக்குப்பிள்ளை வரை படித்துவிட்டுத்தான் என் கையில் தருவார்கள். உன் அண்ணிக்கும், வாத்தியாராக இருக்கும் அவள் தகப்பனாருக்கும் தெரிந்தவரை நான் யாருமற்ற பசுமலை விடுதிப் பிள்ளை. அப்படி நம்பித்தான் பெண் கொடுத்தார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

வேலை விஷயம். இங்கே முன் அனுபவம் உள்ளவனைத்தான் எடுப்பார்கள். கார் மாடு அல்ல. இன்ன இடத்தில் இன்ன வருஷம் வேலை பார்த்தான் என்று சர்டிபிகேட் வேண்டும். உன்னிடம் என்ன இருக்கிறது? மேலும் நான் சொல்லி ஒன்றும் நடக்காது. நான் வெறும் டிரைவர். எனவே இந்த எண்ணத்தை விட்டுவிட்டு, இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்.

உன் நலம் நாடும்,
சத்தியசீலன்.


உசிலம்பட்டி,
மாசி 23.

அண்ணன் அவர்களுக்கு மலைச்சாமி கும்பிடு. அனைவரும் சுகம். சின்னவனுக்குப் பொன்னுக்குவீங்கி என்று கேட்டு ஆத்தா காளியம்மனுக்குக் காசு முடிந்து போட்டிருக்கிறாள். நீங்கள் வேதக்காரர் என்று சொன்னேன். "இருந்துட்டுப் போறான், வீக்கம் அம்மனுக்குத் தெரியும்" என்கிறாள். விடுதிப் பிள்ளை சமாசாரத்தை அவளுக்கு வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

சர்டிபிகேட் கேட்டீர்களே, கிடைத்துவிட்டது. பிச்சுமணி அண்ணன் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். "இவன் என் பஸ்ஸைக் கழுவினால் நானே என் பஸ்ஸைத் தேடுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதோடு ஒரு மனுவும் எழுதி நானே நேராக மேனேஜர் ஐயாவுக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் பேரை மூச்சு விடவில்லை. மனுவில் இப்படி எழுதினேன்:

"ஐயா, எனக்குக் கார் வேலையில் முன் அனுபவம் இல்லை. பொய் சொல்லி உள்ளே வந்தால் இரண்டாம் நாள் கை காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பன்னிரண்டு வருஷமாக மாடு தேய்க்கிறேன். எந்த இடத்தில் அழுத்தலாம், எந்த இடத்தில் அழுத்தக்கூடாது என்று கைக்குத் தெரியும். மாடாவது உதைக்கும், கார் உதைக்காது. ஒரு நாள் சோதித்துப் பார்க்கவும்."

சரியாக எழுதியிருக்கிறேனா அண்ணே? மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு இது ஜாஸ்திதான். சிரிக்காதீர்கள்.

அன்புள்ள தம்பி,
மலைச்சாமி.


மதுரை,
20-3-34.

தம்பிக்கு,

சுகம். உன் சுகமும் அதுவே ஆகுக.

நீ செய்தது முட்டாள்தனம். மேனேஜர் கல்யாணராமன் ஐயர் உன் மனுவை ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். கார் உதைக்காது என்ற இடத்தில் இரண்டு தடவை சிரித்தார். சிரித்துவிட்டு, "இத்தனை பேர் எழுதினார்கள், ஒருத்தன்தான் உண்மை எழுதினான். வரச் சொல்லும்" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஏப்ரல் 4-ந் தேதி காலை சோதனை. உனக்கு ஆபீஸ் கடிதம் வரும்.

உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு இருந்துவிடு. மாயக்காளை இந்த நிலையில் விட்டுவிட்டு வரவும் கூடாது.

சத்தியசீலன்.


உசிலம்பட்டி,
பங்குனி 11.

அண்ணன் அவர்களுக்குக் கோடி கும்பிடு. இங்கே எல்லாரும் சுகத்துக்கு மேலே சுகம். ஆபீஸ் கடுதாசி வந்துவிட்டது. இங்கிலீஷில் இருந்தது. ஆத்தா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாயக்காள் என் வேட்டியை மூன்று தடவை வெளுத்துவிட்டாள். கிழிந்தாலும் கிழியட்டும் என்று துவைக்கிறாள்.

ஊர் எல்லை தாண்டுவதற்கு ஸ்டேஷனில் ராதாரிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் சீட்டு. பொழுது சாயும் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். சீட்டுத் தேதி தாண்டி வெளியே எங்கேயாவது படுத்திருந்தால் ஜெயில்தான். அது பரவாயில்லை, பகல் முழுக்க இருக்கிறதே.

ஒன்றே ஒன்றுதான் பயம். காருக்கு எப்படிப் பளபளப்பு ஏற்றுவது? பஸ்ஸைத் தண்ணீர் விட்டுத்தான் கழுவியிருக்கிறேன். கம்பெனியில் என்ன போட்டுத் தேய்க்கிறார்கள், எதனால் தேய்க்கிறார்கள் என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுகிறபடி ஒரு நூல் பிசகாமல் செய்வேன்.

உங்கள் வாக்கை நம்பி,
மலைச்சாமி.


மதுரை,
27-3-34.

என் ஆருயிர்த் தம்பி மலைச்சாமிக்கு அண்ணன் அன்பு முத்தங்களுடன் எழுதுவது. நீயும் அம்மாவும் மாயக்காளும் சுகமாக இருக்க இரவும் பகலும் ஜெபிக்கிறேன். போன கடிதத்தில் கொஞ்சம் கடிந்து எழுதிவிட்டேன். மனதில் வைக்காதே. ஒரே வயிற்றில் பிறந்த நமக்குள் என்ன? நீ வருவது என்று தீர்மானித்தபின் உனக்குச் சொல்லிக் கொடுக்காமல் நான் யாருக்குச் சொல்லிக் கொடுப்பேன்?

நன்றாகக் கவனித்துக்கொள். காரை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவு. பிறகு பழம்புளியைக் கரைத்து, அதில் சலித்த செங்கல் பொடியைக் குழைத்து, தேங்காய் நாரால் தொட்டு, பானட் முதல் மட்கார்டு வரை அழுத்தித் தேய். அழுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இங்கே நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். புளியும் பொடியும் நீயே கொண்டு வந்துவிடு, இவன் தயாராக வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது ஆரம்பிக்காதே. அவர் உள்ளே போனபின் தேய்த்து முடித்துவிடு. வெளியே வந்து பார்த்ததும் அவர் அசந்துபோக வேண்டும்.

கம்பெனியில் சொந்தக்காரர்களைச் சேர்க்கக்கூடாது என்று சட்டம். ஆகவே என்னைப் பார்த்தாலும் பேசாதே. நானும் பேச மாட்டேன். வேலை கிடைத்தபின் வேண்டிய மட்டும் பேசலாம்.

இதைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டு அடுப்பில் போட்டுவிடு.

என்றும் மறவாத உன் அண்ணன்,
சத்தியசீலன்.


உசிலம்பட்டி,
ஆடி 2.

அண்ணன் அவர்களுக்கு மலைச்சாமி எழுதுவது. ஆத்தா சுகம். மாயக்காள் சுகம். சித்திரைக் கடைசியில் ஆண்பிள்ளை பிறந்து அதுவும் சுகம். நான் மூன்று மாசம் ஜெயிலில் இருந்துவிட்டு முந்தாநாள் வந்தேன். அங்கேயிருந்து எழுதினால் ஜெயில் முத்திரையோடு உங்கள் கம்பெனிக்கு வரும் என்று எழுதவில்லை.

அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். ஒரு டாக்டரின் கறுப்புக் கார், புதுப் பெயிண்ட் அடித்து நின்றது. முகம் தெரிந்தது அண்ணே அதில். மேனேஜர் ஐயா, "தூசி மட்டும் போக்கு, பார்ப்போம்" என்று சிரித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நீங்கள் எழுதியபடி அவர் போனபிறகு புளியைக் கரைத்தேன். முதல் தேய்ப்பிலேயே கை வேண்டாம் வேண்டாம் என்றது. கன்றுக்குட்டி முதுகில் மண்ணை அள்ளித் தேய்ப்பானா ஒருத்தன்? ஆனால் உங்கள் எழுத்து அழுத்து என்றது. கையை நம்பாமல் எழுத்தை நம்பினேன். பானட்டும் இரண்டு மட்கார்டும் முடித்துத் தண்ணீர் ஊற்றினேன். ஐயா வெளியே வந்தார். நீங்கள் எழுதியபடியே அசந்துதான் போனார்.

ஒரு வார்த்தை திட்டவில்லை அவர். அதுதான் இன்னும் வலிக்கிறது. உங்களைக் கூப்பிட்டு, "சத்தியசீலன், இவன் யாரென்று தெரியுமா?" என்று கேட்டார். நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் அட்சரமாக நினைவிருக்கிறது. "உசிலம்பட்டி ஆளா சார்? அந்தப் பக்கத்து ஆளை உள்ளே விட்டதே தப்பு. சாமான் ஏதாவது குறையுதான்னு முதல்ல பாருங்க." பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை. என் மடியை அவிழ்த்துப் பார்த்தார்கள். மீதிப் புளி இருந்தது.

விட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஆனால் நீங்கள் வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று வாசலில் நின்றேன். நீங்கள் பின்வாசலால் சைக்கிளில் போனீர்கள். நான் பார்த்தேன். அதற்குள் பஸ் போய்விட்டது. வண்டியூர் தெப்பக்குளப் படியில் படுத்திருந்த என்னைப் பாராப் போலீஸ்காரர் எழுப்பிச் சீட்டுக் கேட்டார். சீட்டில் தேதி தாண்டியிருந்தது.

நான் ஆத்தாவிடம், "அண்ணன் எனக்காக எம்புட்டோ பாடுபட்டாரு, என் கைதான் சரியில்லை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு ஒரு வரி எழுதுங்கள். புளியும் பொடியும் காரின் பித்தளை விளக்குக்கு மட்டும் என்று எழுத வந்து மறந்துவிட்டேன் என்று எழுதினால் போதும். நான் நம்பிக்கொள்வேன்.

உங்கள் தம்பி,
மலைச்சாமி.


உசிலம்பட்டி,
ஆவணி 5.

அண்ணன் அவர்களுக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லாரும் சுகம்தானா என்று ஆத்தா தினம் கேட்கிறாள். பதில் வரவில்லை. போன கடுதாசி தவறிவிட்டதோ என்று மறுபடி எழுதுகிறேன்.

பிள்ளை குப்புற விழுந்துவிட்டான். உங்கள் ஜாடை என்கிறாள் ஆத்தா. ஒரு வரி கேட்டிருந்தேன்.

மலைச்சாமி.


மதுரை,
19-9-34.

மலைச்சாமிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. சுகம்.

புளியும் செங்கல் பொடியும் பித்தளை விளக்குகளுக்கு என்று நான் தெளிவாகவே எழுதியிருந்தேன். சரியாக வாசிக்கத் தெரியாததற்கு நான் பொறுப்பல்ல. ஒரு நூறு ரூபாய்ப் பெயிண்டைக் கெடுத்துவிட்டு என்மேல் பழி போடுகிறாய். சீட்டுத் தேதி தாண்டித் தெருவில் படுத்ததற்கும் நானா பொறுப்பு?

அந்த வேலைக்கு உன் அண்ணியின் தம்பியை எடுத்திருக்கிறார்கள். அவனுக்கும் முன் அனுபவம் கிடையாது. ஆனால் சொன்னதைப் புரிந்துகொள்கிறான். மெல்லிய தோலும் மெழுகும் கொண்டு எப்படித் துடைப்பது என்று நான் பக்கத்தில் நின்று காட்டினேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டான்.

இனி நீ எழுத வேண்டாம். எழுதினாலும் பதில் வராது. நான் அந்த ஊரிலிருந்து ஏறி வந்த ஏணியை நீ பிடித்து ஆட்டுகிறாய். விழுந்தால் என் பிள்ளைகளும் சேர்ந்து விழும். அதை மட்டும் யோசித்துப் பார்.

சத்தியசீலன்.


உசிலம்பட்டி,
புரட்டாசி 12.

பேயாண்டிக்கு,

சுகம் விசாரிக்கவில்லை.

அடுப்பில் போடச் சொன்ன உன் கடுதாசியை நான் போடவில்லை. ஆருயிர்த் தம்பி என்று நீ எழுதியது அது ஒன்றுதான், அதனால் வைத்திருந்தேன். நான் ஜெயிலில் இருந்த மட்டும் மாயக்காள் அரிசிப் பானையில் பத்திரமாக வைத்திருந்தாள். நேற்று எடுத்து, எழுத்துக் கூட்டி, பத்துத் தடவை வாசித்தேன். பானட் முதல் மட்கார்டு வரை அழுத்தித் தேய் என்றுதான் இருக்கிறது. விளக்கு என்ற சொல்லே அதில் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணே. உன் எழுத்தில்தான் நான் வாசிக்கவே பழகினேன்.

பிச்சுமணி அண்ணனிடம் காட்டினேன். "இதைக் கொண்டுபோய் மேனேஜர் கையில குடுடா, மறுநாள் அவன் தெருவுல நிப்பான்" என்றார். குடுக்கலாம்தான். நீ தெருவில் நின்றால் என் பெருவிரல் வெளுத்துவிடுமா? உன் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? அந்தக் கடுதாசியை இந்தக் கவருக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள். நீயே அடுப்பில் போடு. பயமில்லாமல் தூங்கு.

ஆத்தாவிடம் உன்னைப்பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவளுக்கு நீ நல்ல மகன். அதையாவது கெடுக்காதே. இதுதான் நான் உனக்குப் போடும் கடைசிக் கவர்.

மலைச்சாமி.


(கார்டு)

சத்தியசீலன் என்கிற பேயாண்டி,
மோட்டார் கம்பெனி, மதுரை.

உசிலம்பட்டி,
கார்த்திகை 3.

மகன் பேயாண்டிக்கு ஆத்தா சின்னத்தாய் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதுவது. நான் சொகம். ஒந் தம்பி சொகம். பேரன் தவழுறான். நீயும் எம் மருமகளும் பேரன் பேத்திகளும் நோய் நொடி இல்லாம இருக்கணும்.

ஒந் தம்பி எப்பவும் கவர்லதான் போடணும்பான். அவன் சந்தைக்குப் போயிருக்கான். நான் எழுதுறது அவனுக்குத் தெரியாது. ஆத்தாளுக்கும் மகனுக்கும் நடுவுல என்னத்த மறைக்கக் கெடக்கு, கார்டு போதும்னு தபால்கார ஐயா சொல்லிட்டாரு.

போன வாரம் புது ஏட்டையா வீடு வீடா ஆம்பளைகளை எண்ணிக்கிட்டு வந்தாரு. "ஒனக்கு ஒரு மகன்தானா"ன்னு கேட்டாரு. எனக்குப் பொறுக்கலை. "யாரைப் பாத்து ஒண்ணுங்குறீக? மூத்தவன் மதுரையில மோட்டார் கம்பெனியில இருக்கான், தம்பிக்கு வேலை வாங்க எம்புட்டுப் பாடுபட்டான் தெரியுமா"ன்னேன். அவருக்கு அம்புட்டுச் சந்தோசம். ஓம் பழைய பேரு, புதுப் பேரு, கம்பெனி எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டாரு. இத்தனை வருசமா ஓம் பேரு அவுக ஏட்டுல விட்டுப்போச்சாம். "நேர்ல போயி ஒரு ரேகை எடுத்துக்கிறேன், தம்பி யோக்கியன்னு அவன் கையாலயே ஒரு எழுத்தும் வாங்கிக்கிறேன்"னாரு. ஒந் தம்பி ஆசைப்பட்ட காகிதம் கெடைக்கப் போகுதய்யா.

வர்ற வியாழக்கெழமை அவரு அங்க வாராரு. எம் மருமகளை ஒரு தடவை கண்ணுல பாத்துருறேன்னு அழுதேன். சரி வா, ஓம் மகனைக் கைகாட்ட ஆளு வேணுமில்லன்னு கூட்டியார ஒத்துக்கிட்டாரு. பதினாறு வருசமாச்சு, என் மூஞ்சி ஒனக்கு மறந்துருக்கும். காதுல தண்டட்டியோட, ஏட்டையாவுக்குப் பக்கத்துல நிப்பேன். அதை வச்சு அடையாளம் பாத்துக்க.

காரு தேய்க்கப் புளி வேணும்னு ஒந் தம்பி அன்னைக்குப் பானையோட வழிச்சுக்கிட்டு வந்தான். அது பத்தலையோ என்னமோன்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு. ஒரு ஓலைப்பெட்டி நெறையப் பழம்புளி கொட்டையெடுத்து வச்சிருக்கேன். ஒங்க மேனேஜரு ஐயா கையிலயே குடுக்கணும். கம்பெனி வாசல்லயே நில்லு ராசா. பின்வாசல் பக்கம் போயிறாத, எனக்கு எடம் தெரியாது.

இப்படிக்கு,
ஆத்தா சின்னத்தாய்.
(இடது பெருவிரல் ரேகை)